அளவு சரி; அடுத்த வாரம் வரவும்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? குளிரில் நீ மாடிப்படி ஏறும்போது அது போடுகிற சத்தம் இந்த மலை வரைக்கும் கேட்கிற மாதிரி இருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. சளி வந்தது, இரண்டு நாள் தங்கியது, போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மேட்டில் ஏறி உனக்குப் போன் போட்டால் காற்றுதான் பேசுகிறது. நீ ஹலோ என்கிறாய், நான் ஹலோ என்கிறேன், அதோடு அரை மணி போய்விடுகிறது. அதனால் நம் கடித ஏற்பாடே நல்லது. சாமான் லாரி புதனும் சனியும் தபாலை எடுத்துப்போகிறது.

ஒரு சந்தோஷமான செய்தி. வருடக் கடைசியில் கொடுத்த போனஸில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கியிருக்கிறேன். சாதாரணமானது இல்லை. டைட்டானியம் உடம்பு, கீறல் விழாத கண்ணாடி, கன்றுத் தோல் வார். போனஸோடு கொஞ்சம் கைக்காசும் போனது. மொத்தத்தில் மூன்று மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள். நாடித்துடிப்பு, தூக்கம், நடை எல்லாவற்றையும் அளக்கிறது. நான் எங்காவது தடுக்கி விழுந்து அசையாமல் கிடந்தால், தானே தகவல் அனுப்பிவிடும். அவசரத்துக்கு யார் நம்பர் என்று கேட்டது. உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். முதல் மணியிலேயே எடுக்கிறவள் நீ ஒருத்திதான்.

வெடி வைக்கிற இடம் என்பதால் நாங்கள் தோண்டுகிற சுரங்கப்பாதைக்குள் போன், வாட்ச் எதுவும் கொண்டுபோகக் கூடாது. வேலை நேரத்தில் மட்டும் வாசல் அறைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். அது ஒரு சின்ன விஷயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
வாலு


ஜனவரி 25

அன்புள்ள வாலுக்கு,

முழங்கால் அதன் இஷ்டப்படி இருக்கிறது. நான் அதன் இஷ்டப்படி இருக்கிறேன். சளி போய்விட்டது என்கிறாய், சந்தோஷம். காதை மூடிக்கொண்டு படு.

நீ தினமும் சுரங்கத்துக்குள் அளவுக் கம்பியைத் தூக்கிக்கொண்டு ஒன்பது மணி நேரம் நடக்கிறாய். அந்த ஒன்பது மணி நேரமும் வாட்ச் பெட்டிக்குள் இருக்கிறது. அப்படியானால் அது உன் நடையை எப்போது அளக்கிறது? நீ கட்டிலில் படுத்திருக்கும்போதா? அது உன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.

உனக்கு நாற்பத்தெட்டு வயது. மழைக்கோட்டு கிழிந்திருக்கிறது என்று போன மாதம் எழுதினாய். அதை வாங்கினாயா?

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிற கத்தரியும் இடுக்கியும் கழுவுகிறோம், எண்ணுகிறோம், நீராவியில் வைக்கிறோம். போன வாரம் ஒரு இடுக்கி குறைந்தது. பிரிவே ஆடிப்போனது. கடைசியில் துணி மூட்டைக்குள் இருந்தது.

சொல்ல மறந்துவிட்டேன். நான் ஒரு மோதிரம் வாங்கினேன். சின்ன மரகதக் கல், வெள்ளைத் தங்கத்தில் பதித்தது. பெரிய கடை. விலையை எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா?

கடைசி இரண்டு வரியில் மோதிரத்தை நுழைத்துவிட்டு முதல் இரண்டு பாராவில் என்னைத் திட்டியிருக்கிறாய். இது எந்த ஊர் நியாயம்? விலையை நீ எழுதவில்லை என்றால் என் வாட்சை விடக் கூடுதல் என்று அர்த்தம். உன் பிரிவில் கையில் நூல்கூடக் கட்டக் கூடாது என்று நீதான் சொல்லுவாய். வேலை முழுக்கக் கையுறை. வீட்டில் பாத்திரம். ஆக, காலையில் பஸ்ஸில் நாற்பது நிமிடம், மாலையில் நாற்பது நிமிடம். பஸ் கம்பியைப் பிடித்துக்கொள்வதற்கு மரகதம் எதற்கு?

நகையைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. என் கல்யாண மோதிரத்தை, கல்யாணம் முறிந்த பிறகு விற்கப் போனேன். வாங்கிய அதே கடை, அதே மனிதன். பாதி விலைக்கு மேல் ஒரு காசு தர மாட்டேன் என்றான். கடை வாசற்படியைத் தாண்டும்போதே பாதி போய்விடுகிறது, அக்கா. என் வாட்ச் அப்படியா? அது வேலை செய்கிறது.

என்னைப் பற்றி அது என்ன நினைக்கிறது என்று கேட்டாய். மறைப்பதற்கு என்ன இருக்கிறது. தினமும் மாலை, "இன்று நீங்கள் போதுமான அளவு நடக்கவில்லை" என்று காட்டுகிறது. நேற்று, "எழுந்து நில்லுங்கள், உங்களால் முடியும்" என்றது. பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தேன். எங்கள் முகாம் சமையல்காரர் பார்த்துவிட்டார். இப்போது நான் உட்காரும்போதெல்லாம் யாராவது ஒருவர், "சார், உங்களால முடியும்" என்கிறார்கள்.

மழைக்கோட்டு தைத்தாகிவிட்டது.

வாலு


மார்ச் 1

அன்புள்ள வாலுக்கு,

தைலம் தேய்க்கிறேன். உன் தோள் வலி எப்படி என்று நீ எழுதவே இல்லை.

மூன்று மாதச் சம்பளம் கொடுத்து, உன்னைச் சோம்பேறி என்று சொல்ல ஓர் ஆளை வைத்திருக்கிறாய். நான் இத்தனை வருடமாக அதை இலவசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மோதிரம் வாங்கின அன்று சரியாக இருந்தது. மறுவாரம் லூசாகத் தெரிந்தது. கடைக்குக் கொண்டுபோனேன். மதிப்பீட்டாளர்தான் அளவும் பார்க்கிறார். வளையங்கள் கோத்த ஒரு கொத்து வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக விரலில் போட்டுப் பார்த்தார். அரை அளவு குறைத்துக் கொடுத்தார். அதன் பிறகு மாலையில் இறுக்கமாக இருந்தது. மறுபடி போனேன். நாளெல்லாம் வெந்நீரிலும் ஆவியிலும் வேலை செய்தால் மாலையில் விரல் கொஞ்சம் வீங்கும், காலையில் இளைக்கும் என்றார். இருபத்தாறு வருடமாக இதே வேலை செய்கிறேன், என் விரலைப் பற்றி எனக்கே இது தெரியாது. எந்த நேரத்து விரலுக்குச் செய்வது என்று அவர் யோசித்தார். நன்றாக யோசித்த பிறகுதான் பேசுவார். நடுவேளை விரலுக்குச் செய்யலாம் என்றார். அதற்காக மதிய இடைவேளையில் ஒரு நாள் போனேன். மூன்று தடவை ஆகிவிட்டது.

மரகதத்துக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தால் புல்லும் கொடியும் மாதிரி கோடுகள் தெரிகின்றன. எல்லாரும் அதைக் குறை என்று நினைப்பார்களாம். கோடே இல்லாத மரகதம் வந்தால்தான் தனக்குச் சந்தேகம் வரும் என்றார். எனக்கு லென்ஸைக் கையில் கொடுத்தே காட்டினார்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் குடி.

உன் அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? முழங்கால் வலியோடு உன்னை அவ்வளவு தூரம் வண்டியில் வர வைத்ததற்கு என்னை மன்னித்துவிடு. நான் சொல்வதைக் கேட்காமலே நீ வண்டியில் ஏறிவிட்டாய். அதனால் நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

ஞாயிறு காலை மெத்தையை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். பாறையில் போட்டு, தடியால் அடித்துத் தூசி தட்டினேன். பத்துப் பன்னிரண்டு அடி ஓங்கி அடித்திருப்பேன். கை வலித்தது. வாட்சைக் கழற்றி, போன் இருந்த பைக்குள் போட்டேன், பையைப் பாறை மேல் வைத்தேன், ஓடையில் குளிக்கப் போனேன். அந்த அடிகளை நான் விழுந்ததாக வாட்ச் எடுத்துக்கொண்டிருக்கிறது. "நலமா?" என்று கேட்டிருக்கிறது. பதில் சொல்ல அங்கே மெத்தைதான் இருந்தது. அந்த மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும் என்பது உனக்குத் தெரியும். நான் பலமாக விழுந்துவிட்டேன், அசைவில்லை என்று உனக்குத் தகவல் போய்விட்டது. நீ பதினேழு தடவை போன் செய்ததும் அந்தப் பைக்குள்தான் ஒலித்திருக்கிறது. குளித்துவிட்டுத் திரும்பியும் நான் பையைத் திறந்து பார்க்கவில்லை.

நாலு மணிக்கு நீ முகாமுக்குள் ஓடி வந்தபோது நான் துண்டைக் கட்டிக்கொண்டு சீட்டாடிக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் நீ என்னைப் பார்த்திருக்கக் கூடாது. நீ அறைந்தது சரிதான்.

போகட்டும். உன் டிரைவரை எங்கே பிடித்தாய்? அந்தப் பழைய காரில் அவர் உன்னை ஏற்றிக்கொண்டு ஆறு மணி நேரத்தில் வந்தார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. கதவைத் திறந்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார். மரியாதைக்காக, "வழி எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். வானத்தைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். நான் டீயில் பாதி குடித்துவிட்டேன். அதற்குப் பிறகு, "வழி... இருந்தது" என்றார். திரும்பும்போது அவர் கையில் ஒரு பெரிய நோட்டை அழுத்தினேன். அதை வாங்குவதற்கும் யோசித்தார். உன் முகம் ஏன் அப்படிப் போனது? கொடுத்தது குறைவா?

அன்று மாலை கேன்டீனில் அவர் மாதிரி நின்று, தொப்பியைக் கழற்றி, வானத்தைப் பார்த்துச் செய்து காட்டினேன். சமையல்காரர் சிரிப்பு தாங்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். இப்போது தினமும் கேட்கிறார்கள். நீ இருந்தால் நீயும் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

வாலு


ஏப்ரல் 27

தம்பிக்கு,

நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். கால் பரவாயில்லை. மோதிரம் ஐந்தாவது முறையாகக் கடையில் இருக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 8

நகைக்கடை மேலாளர் அவர்களுக்கு,

ஐயா,

வணக்கம். தங்கள் கடையில் என் அக்கா ஜனவரி மாதம் ஒரு மரகத மோதிரம் வாங்கினார். தொழிலால் நான் சர்வேயர். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு குழு, அந்தப் பக்கம் ஒரு குழு தோண்டி, நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குள் சந்திக்க வைப்பது என் வேலை. ஒரு பெண்ணின் மோதிர விரலை அளக்கத் தங்கள் கடைக்கு ஐந்து முறை தேவைப்படுகிறது என்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

முதலில் பெரிதாகச் செய்தீர்கள். பிறகு சிறிதாகச் செய்தீர்கள். பிறகு விரலில் காலை, மதியம், மாலை என்று மூன்று வகை இருப்பதாக உங்கள் மதிப்பீட்டாளர் என் அக்காவுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். கல்லுக்குள் கோடு இருப்பது நல்லது என்றும் அவர் நம்ப வைத்திருக்கிறார். விற்ற கல்லில் குறை இருந்தால் அதையே பெருமையாகச் சொல்லும் சாமர்த்தியத்தை நான் பாராட்டுகிறேன்.

என் அக்கா முழங்கால் வலிக்காரர். உங்கள் கடைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஏப்ரல் மாதத்திலிருந்து எனக்குக் கடிதம் எழுதுவதையே நிறுத்திவிட்டார். மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. இத்தனை பணத்தை இழந்த வருத்தம்தான் காரணம் என்று கருதுகிறேன். அவர் தனியாக இருப்பவர்தான், ஆனால் கேட்க ஆள் இல்லாதவர் இல்லை. மோதிரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தர வேண்டும். இல்லையென்றால் லீவு போட்டு நேரில் வருவேன்.

இப்படிக்கு,
சுரங்கப்பாதை சர்வேயர்


ஜூன் 19

மதிப்பிற்குரிய சர்வேயர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏப்ரலில் பார்த்தபோது நலமாகத்தான் இருந்தீர்கள்.

தங்கள் கடிதத்தை மேலாளர் என்னிடம் கொடுத்துப் பதில் எழுதச் சொன்னார். எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. அதற்காக மன்னிக்கவும்.

எங்களிடம் ஒரு பதிவேடு உண்டு. ஒவ்வொரு முறை நகை வரும்போதும் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். தங்கள் அக்காவின் மோதிரத்துக்கு உரிய பக்கத்தை அப்படியே பிரதி எடுக்கிறேன்.

பிப்ரவரி 2: அரை அளவு குறைக்கப்பட்டது.
பிப்ரவரி 14: கால் அளவு கூட்டப்பட்டது.
பிப்ரவரி 26: அளவு சரி. அடுத்த வாரம் வரவும்.
மார்ச் 5: அளவு சரி. அடுத்த வாரம் வரவும்.
மார்ச் 12: அளவு சரி. அடுத்த வாரம் வரவும்.

இதற்குப் பிறகும் இப்படியே ஒன்பது பதிவுகள் இருக்கின்றன. தாங்கள் ஐந்து என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு என்பதே சரி. பிப்ரவரி 14க்குப் பிறகு மோதிரத்தில் எந்த வேலையும் செய்யப்படவில்லை, எந்தக் கட்டணமும் வாங்கப்படவில்லை.

இழந்த பணத்தைப் பற்றி. தாங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நகையைத் திரும்ப விற்றால் பாதிதான் கிடைக்கும். இதைத் தங்கள் அக்காவிடம் வாங்குவதற்கு முன்பே சொன்னேன். மேலாளர் பக்கத்தில் இருந்தார், அவருக்கு அது பிடிக்கவில்லை.

ஏப்ரல் 13 அன்று தாங்கள் என் கையில் கொடுத்த நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அன்றே திருப்பித் தந்திருக்க வேண்டும். தகுந்த வார்த்தை கிடைப்பதற்குள் தாங்கள் உள்ளே போய்விட்டீர்கள்.

வழி எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். ஆறு மணி நேரமும் தங்கள் அக்கா பக்கத்தில் அழுதுகொண்டே வந்தார். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் அப்படிச் சொன்னேன்.

மீதியை அவர்தான் எழுத வேண்டும்.

பணிவுடன்,
மதிப்பீட்டாளர்


ஜூன் 21

வாலு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்காமல் இரண்டு மாதம் இருந்தது எனக்கே புதிதாக இருந்தது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்தான். உன் மூன்று கடிதத்தையும் படித்தேன். பதில் எழுத உட்காருவேன், உன் கேன்டீன் கதை ஞாபகம் வரும், மூடி வைத்துவிடுவேன்.

கடைக்கு நீ எழுதிய கடிதத்தை அவர் என்னிடம் காட்டினார். கோபமாகக் காட்டவில்லை. "உங்க தம்பி நல்லா எழுதறாரு" என்றார். அவர் கேலி செய்கிறவர் இல்லை, நிஜமாகவே அப்படி நினைத்தார்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியாது. எனக்கு முப்பத்தொன்று நடக்கும்போது ஒருவர் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தார். மருந்துக் கடை வைத்திருந்தவர். உட்காரும் முன் பேன்ட்டை இரண்டு விரலால் தூக்கிவிட்டுக்கொள்வார், பேசும் முன் செருமுவார். அவர் போன பிறகு நீ சமையலறை வாசலில் வந்து அப்படியே உட்கார்ந்து, செருமி, செய்து காட்டினாய். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவ்வளவு அச்சாக இருந்தது. அதுவரைக்கும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது, வாலு. சரி என்று சொல்வதாகத்தான் இருந்தேன். அப்படிச் சிரித்த பிறகு எந்த முகத்தோடு சரி என்று சொல்வது? வேண்டாம் என்றேன். நீ வேண்டுமென்று செய்யவில்லை. உனக்கு அது விளையாட்டு. அதனால்தான் இருபத்தொரு வருடமாக இதைப் பற்றி நான் பேசவில்லை.

இவரைப் பற்றியும் அதனால்தான் எழுதவில்லை. எழுதினால் நீ ஊருக்கு வருவாய், பார்ப்பாய், செய்து காட்டுவாய். நீ வராமலே செய்து காட்டிவிட்டாய்.

மோதிரம் வாங்கப் போனது தற்செயல்தான். வேலையில் இருபத்தாறு வருடம் முடிந்ததற்கு எனக்கு நானே ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். "இது இந்த விலை பெறுமா?" என்று அவரிடம் கேட்டேன். வழக்கம்போல யோசித்தார். "விக்கப்போறீங்கன்னா பெறாது. வெச்சுக்கப்போறீங்கன்னா, அது உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். மேலாளர் இருமினார். நான் வாங்கிவிட்டேன்.

மூன்றாவது தடவை போனபோது மோதிரம் சரியாகத்தான் இருந்தது. எனக்கும் தெரியும். ஆனால் கொண்டுபோனேன். அவர் அளந்து பார்த்தார்.

"சரியா இருக்கே."

"இல்ல, கொஞ்சம் லூசா இருக்கு."

மறுபடி அளந்தார். என் முகத்தைப் பார்த்தார். யோசித்தார். கடையில் இரண்டு பேர் வந்து விலை கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

"அப்போ... அடுத்த வாரம் கொண்டு வாங்க" என்றார்.

இவ்வளவுதான் கதை. ஏப்ரல் மாதம் அந்தத் தகவல் வந்தபோது நானும் அவரும் கடைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அவர் யோசிக்காமல் எழுந்து கார் சாவியை எடுத்தார். அவர் யோசிக்காமல் ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்தக் கையில்தான் நீ நோட்டை வைத்து அழுத்தினாய். நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதில் என் தப்பும் இருக்கிறது.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. மே மாதம் கேட்டார். இந்தத் தடவை யாரும் செய்து காட்டுவதற்கு முன்பே சரி என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்ட் 4, பதிவு அலுவலகம், காலை பதினோரு மணி. சாட்சிக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். உனக்கு வரப் பிடித்தால் வா. சிரிப்பு வந்தால் வராதே.

அக்கா


ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எப்படி இருக்கிறது?

உன் கடிதமும் அவர் கடிதமும் ஒரே லாரியில் வந்தன. அவருடையதை முதலில் படித்தேன். பதிவேட்டுப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். மேடு பள்ளம் பார்த்தே முப்பது வருடம் சம்பாதித்திருக்கிறேன், என் அக்கா வாரம் தவறாமல் இரண்டு பஸ் மாறி ஒரே இடத்துக்குப் போவது எனக்குத் தெரியவில்லை. பிறகு உன்னுடையதைப் படித்தேன். அதை ஒரு தடவைதான் படிக்க முடிந்தது.

மருந்துக் கடைக்காரர் எனக்கு ஞாபகமே இல்லை, அக்கா. எவ்வளவு யோசித்தும் அவர் முகம் வரவில்லை. உன் வாழ்க்கையில் ஒரு பெரிய விஷயத்தை நான் செய்திருக்கிறேன், எனக்கு அது ஞாபகம்கூட இல்லை. மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், சின்னதாகத் தெரிந்தது. வேறு வார்த்தை தெரியாததால் அதையே எழுதுகிறேன். மன்னித்துவிடு.

அன்று மாலை கேன்டீனில் வழக்கம்போல, "சார், வழி இருந்தது போடுங்க" என்றார்கள். இனிமேல் அது கிடையாது என்றேன். ஏன் என்றார்கள். "அவர் எனக்கு அத்தான்" என்றேன். சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். என்னைவிட அவருக்குத்தான் கஷ்டமாகிவிட்டது.

அவர் திருப்பி அனுப்பிய நோட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்பவும் அனுப்பினால் திரும்பவும் அனுப்புவார், இரண்டு பேரும் கிழவர்கள் ஆகிற வரைக்கும் அது லாரியில் போய் வந்துகொண்டிருக்கும். அதனால் செலவழித்துவிட்டேன். ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்கினேன். அத்தான் வாங்கிக்கொடுத்தது என்று வைத்துக்கொள்கிறேன். வாட்சில் அவசர நம்பரையும் மாற்ற வேண்டும், அவருடைய நம்பரை அனுப்பு. கார் அவரிடம்தானே இருக்கிறது.

நேற்று லீவு கேட்க முகாம் அதிகாரியிடம் போனேன். அவர் லீவு கொடுக்கிற மனிதர் இல்லை. போன வருடம் ஒருவன் தன் கல்யாணத்துக்கே மூன்று நாளுக்கு மேல் வாங்க முடியவில்லை. விண்ணப்பத்தைப் படித்தார்.

"காரணம் என்ன, அக்கா பொண்ணுக்குக் கல்யாணமா?"

"இல்ல சார். அக்காவுக்கு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு வயது கேட்டார். ஐம்பத்திரண்டு என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள், எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு.

"மாப்பிள்ளை எப்படி?" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், அக்கா. கை தானாகத் தொப்பிக்குப் போய்விட்டது. ஒரே ஒரு தடவை வானத்தைப் பார்த்திருந்தால் போதும், அந்த அறையே குலுங்கியிருக்கும். அப்படி ஒரு சபை எனக்கு இனிமேல் கிடைக்காது. கையைக் கீழே கொண்டுவந்தேன். எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று தெரியாது, பின்னால் நின்றவன் செருமினான்.

"நல்லவர் சார்" என்றேன்.

அதிகாரி பேனாவை எடுத்தார். நான் கேட்டிருந்த நாலு நாள் என்பதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 2ஆம் தேதி காலை லாரியில் மலை இறங்கி, பஸ் பிடித்து வருகிறேன். பஸ் நிலையத்துக்கு நீ வர வேண்டாம், படி ஏறி இறங்கினால் கால் வலிக்கும். அத்தான் வரட்டும். வழி முழுக்க அவரோடு பேசிக்கொண்டே வருகிறேன். அவர் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கிறேன்.

உன் தம்பி,
வாலு